செல்ஃப் கத்தினால்...

மூணாறில் ஜனவரி மாத விடியற்காலை. தேயிலைச் செடிகளை ஒட்டிய புல்வெளியில் உறைபனி உப்பைத் தூவியதுபோலக் கிடக்கிறது. எஸ்டேட் லயத்தின் முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சீட்டைத் துணியால் துடைத்துவிட்டு, உரிமையாளர் சாவியைத் திருப்புகிறார். கட்டை விரலால் பொத்தானை அழுத்துகிறார். இன்ஜின் சுழல வேண்டிய இடத்தில் 'கர்ர்ர்...' என்று ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டு அரைத்தது மாதிரி. மறுபடி அழுத்துகிறார். மறுபடி கர்ர்ர். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ எப்படியோ இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. வண்டி கிளம்பிவிட்டது, விஷயம் மறந்துபோகிறது.

மறக்கக் கூடாத விஷயம் அதுதான். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய செலவு சில ஆயிரமாக வளர்வது அந்த ஆறேழு அழுத்தல்களில்தான்.

'செல்ஃப்' என்று ஊரெல்லாம் அழைக்கப்படும் இந்த ஸ்டார்ட்டர் பிறந்த கதை காரிலிருந்து தொடங்குகிறது. ஒரு காலத்தில் காரின் மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் இன்ஜினை எழுப்ப வேண்டும். நேரம் தவறித் தீப்பொறி விழுந்தால் கைப்பிடி எதிர்த்திசையில் திரும்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டருடன் 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார் வந்த பிறகுதான் அந்த ஆபத்து விலகத் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் உலகம் மெதுவாகத்தான் அசைந்தது. ஹார்லி டேவிட்சன் தன் பெரிய வண்டிக்குப் பொத்தான் வைத்தது 1965-ல். அந்தப் பெருமையில் வண்டிக்கே 'எலெக்ட்ரா கிளைடு' என்று பெயர் சூட்டியது.

இந்தியாவில் பொத்தானைப் பரவலாக அறிமுகப்படுத்தியது மோட்டார் சைக்கிள் அல்ல, ஸ்கூட்டர். 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா. புடவை கட்டியவர்கள் உதைக்காமல் வண்டி கிளப்பலாம் என்பது அன்று சிறிய விஷயமல்ல. மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை புல்லட், எஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 என்று அந்தத் தலைமுறை வண்டிகள் எல்லாமே காலை நம்பியவை. (எஸ்டியில் கிக்கரும் கியர் மிதியும் ஒரே கம்பி. உதைத்து முடித்ததும் அதையே மடக்கி கியர் போட வேண்டும். புதிதாக ஏறியவர்கள் திருதிருவென விழிப்பார்கள்.) 2001-ல் பஜாஜ் பல்ஸர் வந்ததை ஒட்டிய ஆண்டுகளில்தான் பொத்தான் மோட்டார் சைக்கிளுக்கும் சகஜமானது. அந்த முதல் தலைமுறைப் பொத்தான் வண்டிகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. கத்துவது பெரும்பாலும் அவைதான்.

கேரளத்தின் தமிழக எல்லையோரங்களில் அந்த வயது வண்டிகளைப் பார்க்கச் சிரமப்பட வேண்டியதில்லை. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கியில் மறையூர், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, கம்பம்மெட்டு, குமுளி. இரண்டு பக்கமும் தமிழ் புழங்கும் ஊர்கள். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. சித்தூர் வட்டத்தில் தமிழர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள். பட்டறை வாசலில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே எல்லைக் கதை தெரியும். கேஎல் 70 சித்தூர், பக்கத்தில் டிஎன் 41 பொள்ளாச்சி. மலையில் கேஎல் 68 தேவிகுளம், பக்கத்தில் டிஎன் 60 தேனி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி கேரளத்துக்குள் ஏறுவதே வசதியான வழி. உதிரிப் பாகங்களும் அதே சாலைகளில்தான் வருகின்றன. பாலக்காட்டு எல்லைக்குக் கோவையும் பொள்ளாச்சியும் கடைவீதி, இடுக்கி எல்லைக்குத் தேனியும் மதுரையும்.

இங்கே வண்டி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கானது அல்ல. சித்தூர் பக்கம் பின்சீட்டின் இரு மருங்கிலும் பால் கேன் கட்டித் தொங்கும். மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் போக வேண்டும், மருந்து மூட்டை போக வேண்டும். காலை ஏழு மணிக்குச் சொசைட்டியில் பால் ஊற்றாதவருக்கு அந்த வேளைப் பால் நஷ்டம். தோட்டத்தில் பேர் சொல்லும் நேரத்துக்கு வராதவருக்கு அன்றைய கூலி நஷ்டம். மூணாறு, சின்னக்கானல் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு: யானை. மூணாறு சாலைகளில் 'படையப்பா' என்று பெயர் வாங்கிவிட்ட கொம்பன் திரிவது ஊரறிந்த செய்தி. சின்னக்கானலைக் கலக்கிய அரிக்கொம்பன் 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டது. வளைவில் யானையைக் கண்டு நிறுத்திய வண்டி, திருப்பிக்கொண்டு கிளம்ப வேண்டிய நொடியில் 'கர்ர்ர்' என்றால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வது மறுநாள்தான் முடியும்.

பட்டறையில் நடக்கும் முதல் உரையாடல் இரண்டு எல்லையிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

"ஏனுங்கண்ணா, செல்ஃப் கத்துதுங்க."

"எத்தன நாளாங்க?"

"இன்னிக்குக் காலையில இருந்துதானுங்க."

இது கொழிஞ்சாம்பாறைப் பேச்சு. குமுளியில் இதுவே "செல்ஃபு ஒரு மாதிரியாக் கத்துதுண்ணே" என்று வரும். 'இன்றைக்குத்தான்' என்பதில் மட்டும் வித்தியாசம் கிடையாது. எந்த மெக்கானிக்கும் அதை நம்புவதில்லை. மூடியைக் கழற்றியதும் உருளைகளின் தேய்மானம் மாதக் கணக்கைச் சொல்லிவிடும்.

உள்ளே நடப்பது என்ன? செல்ஃப் மோட்டார் கைக்குள் அடங்கும் சிறிய மின்மோட்டார். வேகமாகச் சுழலும், பலம் குறைவு. இரண்டு மூன்று பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றி, இன்ஜினின் கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. சில வண்டிகளில் பல்சக்கரத்துக்குப் பதில் சிறு சங்கிலி. இந்தப் பாதையின் கடைசியில், பெரும்பாலும் மேக்னெட் சக்கரத்தின் முதுகில், உட்கார்ந்திருப்பதுதான் நாயகன்: ஒன்வே கிளட்ச். ஒரு திசையில் பிடிக்கும், மறு திசையில் விடும். சைக்கிளின் ஃப்ரீவீலை நினைத்துக்கொண்டால் போதும். மிதித்தால் சக்கரம் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் மட்டும் ஓடும். அதேபோல மோட்டார் சுழலும்போது கிராங்கைப் பிடித்து இழுக்கிறது. இன்ஜின் உயிர்பெற்று வேகமெடுத்ததும் கையை விட்டுவிடுகிறது.

பிடிப்பதும் விடுவதும் பல்லால் அல்ல, நெருக்கத்தால். சிறிய வண்டிகளில் வழக்கமாக மூன்று எஃகு உருளைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சுருள்வில். சரிவான குழிக்குள் உருளை நெருங்கிச் சிக்கிக்கொள்ளும்போது பிடி விழுகிறது. புல்லட் போன்ற பெரிய வண்டிகளில் உருளைக்குப் பதில் எட்டு எண் வடிவச் சிறு எஃகுத் துண்டுகள் வரிசையாக நிற்கும். அதற்கு ஸ்ப்ராக் கிளட்ச் என்று பெயர். உருளையின் முதுகு தேய்ந்து தட்டையானாலோ, சுருள்வில் தளர்ந்தாலோ பிடி வழுக்கும். வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்து வரும் சத்தமே அந்தக் 'கர்ர்ர்'.

ஆனால் எல்லாச் சத்தமும் ஒன்வே கிளட்ச் அல்ல. இங்கேதான் நல்ல மெக்கானிக்கும், 'செட்டோடு மாத்திடலாம்' மெக்கானிக்கும் பிரிகிறார்கள். பொத்தானை அழுத்தினால் 'டக் டக் டக்' என்று மட்டும் வந்தால் அது ரிலேயின் குரல். பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது முனைகளில் பச்சை பூத்திருக்கிறது. 'உய்ய்ங்' என்று மோட்டார் தனியாக ஓடி இன்ஜின் அசையாவிட்டால் ஒன்வே முழுதாகக் கைவிட்டது. அழுத்தும்போது அரைத்து, அவ்வப்போது பிடித்தால் உருளையோ, இடைச் சக்கரத்தின் பல்லோ, தளர்ந்த போல்ட்டோ. இவை மூன்றையும் விட மோசமானது நான்காவது: இன்ஜின் கிளம்பிய பிறகும் கத்தல் நிற்காமல் தொடர்வது. ஒன்வே விட மறுக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் இப்போது மோட்டாரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பல்சக்கரக் கணக்குப்படி இன்ஜின் வேகத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் அந்தச் சின்ன மோட்டார் சுழலும். சில நிமிடங்களில் சுருள் சிதறிவிடும். உடனே சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும். பொத்தானிலிருந்து கையை எடுத்த பிறகும் மோட்டார் தானே ஓடினால் ரிலே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பேட்டரி ஒயரைக் கழற்றுவது தவிர வழியில்லை.

எனவே முதல் சோதனை ஸ்பேனர் எடுக்காத சோதனை. நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தும்போது பத்துக்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். இது ஏதோ தனி வியாதி அல்ல. பலமில்லாத மோட்டார் கிராங்கைத் தயங்கித் தயங்கிச் சுற்றும்போது ஒவ்வொரு தயக்கத்திலும் உருளைகள் பிடித்து வழுக்குகின்றன. ஒன்வே கிளட்ச்சைக் கொல்வதில் பாதிப் பங்கு பேட்டரிக்கு உண்டு. புது ஒன்வே போட்டுப் பழைய பேட்டரியையே விட்டுவைத்தால் அடுத்த வருடம் அதே பட்டறை, அதே உரையாடல்.

பேட்டரி சாகும் விதமும் இரண்டு எல்லைகளில் இரண்டு மாதிரி. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். கணவாய்க் காற்று புழுதியையும் சேர்த்து அள்ளி வரும். தண்ணீர் ஊற்றும் பழைய வகைப் பேட்டரிகள் வற்றிப்போகும், தகடு வெளியே தெரியும். மலையில் குளிர். ஈயப் பேட்டரியின் வேதிவினை குளிரில் மந்தமாகும், அதே நேரம் இன்ஜின் எண்ணெய் கெட்டியாகும். பலம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் கையிருப்பு குறைவு. போதாக்குறைக்கு இடுக்கியின் மழை. செல்ஃப் மோட்டார் இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. வயதாகி அது விறைத்தால் இன்ஜின் எண்ணெய் அந்த இடத்தில் கசியத் தொடங்கும். மோட்டாரின் மூடி இடுக்கு வழியாகவும் மழைநீர் உள்ளே புகும். கார்பன் பிரஷ் சிக்கிக்கொண்டு, மோட்டார் ஒருநாள் சுற்றும், ஒருநாள் சுற்றாது.

புல்லட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் உருவாக்கிய இந்த வண்டிக்கு எல்லையோரத்தில் தனி மரியாதை. பழைய புல்லட் 'திருப்பி அடிக்கும்' என்பது பிரசித்தம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே தீப்பொறி விழுந்தால் கிராங்க் பின்னோக்கிச் சுழன்று கிக்கரை உதறும். கணுக்காலில் அந்த முத்திரையோடு திரியும் ஆட்கள் உண்டு. விவரமறிந்தவர்கள் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரசர் பிடியை இழுத்து, பிஸ்டனை உச்சி தாண்ட வைத்துவிட்டுத்தான் உதைப்பார்கள். பொத்தான் வைத்த புல்லட்டில் அந்த நிதானத்துக்கு வேலையில்லை. ஆனால் திருப்பி அடிப்பது நின்றுவிடவில்லை. முன்பு கணுக்கால் வாங்கிய அடியை இப்போது ஸ்ப்ராக் கிளட்ச் வாங்குகிறது. கிராங்க் பின்னோக்கித் திரும்பும்போது ஸ்ப்ராக் விடுவதில்லை, இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. மோட்டார் ஒரு பக்கம், இன்ஜின் எதிர்ப் பக்கம் இழுக்க, நடுவில் எது பலவீனமோ அது உடையும். கெட்டரிங் காலத்து மணிக்கட்டுக் கதைதான், எலும்பு மட்டும் மாறியிருக்கிறது.

அதனால் பழைய புல்லட்டில் ஸ்ப்ராக் போனால், புதியது வாங்குவதற்கு முன் இக்னிஷன் நேரத்தைச் சரிபார்க்காத பட்டறையை நம்பக் கூடாது. அனுபவமுள்ளவர்கள் சொல்லும் சுலபமான யோசனையும் உண்டு: காலையில் முதல் தடவை கிக்கர், இன்ஜின் சூடான பிறகு பொத்தான்.

சரி, மூடியைத் திறந்தாக வேண்டும் என்ற கட்டம் வந்துவிட்டது. முதலில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் இரண்டு போல்ட். அதன் பல்லைப் பார்த்து, துணியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேரடியாகப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தால் மோட்டாரின் யோக்கியதை தெரிந்துவிடும். மோட்டார் சரி என்றால் இடது பக்க மேக்னெட் மூடி. பல வண்டிகளில் அந்த மூடிக்குள் எண்ணெய் நிற்கும், வடித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கழற்றியதும் ஸ்டார்ட்டர் பல்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றி, மறு பக்கம் சட்டென்று பூட்டிக்கொண்டால் ஒன்வே உயிரோடிருக்கிறது. இரண்டு பக்கமும் சுற்றினால் முடிந்தது கதை. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று தானே சுற்றிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

மேக்னெட்டை எடுக்கப் புல்லர் என்ற கருவி தேவை. அதற்குரிய மரையில் புல்லரைத் திருகி இறுக்கினால் 'டப்' என்று ஒரு சத்தத்தோடு சக்கரம் கையோடு வந்துவிடும். புல்லர் இல்லாதவர் சுத்தியலை எடுப்பார். அந்த நொடியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுவது உத்தமம். சுத்தியல் அடியில் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்கள் விரிசல் விடும், கிராங்க் முனையின் மரை நசுங்கும். செல்ஃப் சரிசெய்யப்போய்ச் சார்ஜிங்கே போன வண்டிகள் எல்லா ஊரிலும் உண்டு.

சக்கரத்தின் முதுகில் ஒன்வேயைப் பிடித்திருக்கும் ஆலன் போல்ட்டுகளில்தான் பலமுறை உண்மையான குற்றவாளி இருக்கிறார். உருளைகள் நன்றாகவே இருக்கும், போல்ட் மட்டும் அதிர்வில் தளர்ந்து ஆடும். பாகமே வாங்க வேண்டியதில்லை. மரையைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தி, மரைப் பசை இரண்டு சொட்டு விட்டு, சரியான அளவுக்கு இறுக்கினால் போதும். உருளை தேய்ந்திருந்தால் உருளையும் சுருள்வில்லும் மாற்ற வேண்டும். சிறிய வண்டிகளில் அது சில நூறு ரூபாய்ச் சமாசாரம். ஆனால் உருளை உரசும் பல்சக்கரத்தின் கழுத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் சரி. பள்ளமோ கோடோ விழுந்திருந்தால் புது உருளையும் பழையபடி வழுக்கும்.

இந்தக் கட்டத்தில் லேத் பட்டறை யோசனை முளைக்கும். கோவையின் நிழலில் வாழும் ஊர்களில் இது இயல்பு. நாட்டின் முதல் மின்மோட்டார் 1937-ல் செய்யப்பட்ட நகரம் அது. எதையும் கடைந்து, நிரப்பி, சுற்றி ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கை காற்றிலேயே கலந்திருக்கிறது. செல்ஃப் மோட்டாரின் ஆர்மேச்சரைத் திரும்பச் சுற்றுவதும், புஷ் கடைந்து போடுவதும் உண்மையிலேயே நல்ல வேலைகள். ஒன்வேயின் கழுத்தைக் கடைவது அப்படியல்ல. அதன் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்ட எஃகு. லேத்தில் ஒரு சுற்று சீவினால் கடினத் தோல் போய்விடும், அளவும் குறையும். வெல்டிங் வைத்து நிரப்பினால் சூட்டில் கடினம் போகும். இரண்டு வாரம் பிரமாதமாக ஓடும். லேத்காரருக்கும் நல்ல பெயர், இரண்டு வாரத்துக்கு.

மூடும்போது புதுப் பேக்கிங், புது எண்ணெய். எண்ணெயிலும் ஒரு பொறி இருக்கிறது. கார் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றுவார்கள். சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். எண்ணெயில் குளிக்கும் கிளட்ச்சுக்கு உராய்வுதான் சோறு. டப்பாவில் 'ஜேசோ எம்ஏ' என்ற முத்திரை இருந்தால் மோட்டார் சைக்கிளுக்கானது. பழைய புல்லட்டில் இடது பக்கச் சங்கிலி மூடிக்குத் தனி எண்ணெய். இன்ஜினுக்கு ஊற்றிவிட்டு அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

இத்தனை வேலைக்குப் பதிலாக எல்லையோரப் பட்டறைகளில் சுருக்கமான ஒரு தீர்ப்பும் வழங்கப்படுகிறது: "செல்ஃபைக் கழட்டிப் போட்ருவோம். கிக்கர்தான் இருக்கே." துவாரத்துக்கு ஒரு தகடு, ஒயருக்கு ஒரு டேப். செலவு மிச்சம், எடையும் குறைவு. கிக்கர் உள்ள வண்டிக்கு இது பாவமில்லை. திடகாத்திரமான இளைஞர் ஒருவர் மட்டும் ஓட்டும் வண்டி என்றால் கேள்வியே எழாது.

ஆனால் வண்டியை அவர் மட்டுமா ஓட்டுகிறார்? எஸ்டேட்டில் முப்பது வருடம் சரிவில் ஏறி இறங்கிய முழங்காலுக்கு உதை என்பது தண்டனை. அறுபது வயதுக்காரர் பால் கேன் கட்டிய வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி உதைக்க முடியாது, வண்டி சாயும். காலில் ஊனமுள்ளவருக்கு அந்தப் பொத்தான்தான் வண்டி. மகளை டவுனுக்குப் படிக்க அனுப்பும் வீட்டில் மகள் அந்த வண்டியைத் தொடுவாளா மாட்டாளா என்பதையும் அதே பொத்தான் தீர்மானிக்கிறது. சில நூறு ரூபாய் உருளைக்காகச் செல்ஃபைக் கழற்றிப் போடும்போது, வீட்டில் இரண்டு பேர் ஓட்டிய வண்டி ஒருவர் ஓட்டும் வண்டியாகிவிடுகிறது. பட்டறையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் பெரும்பாலும் உதைக்க முடிகிறவராகவே இருப்பதுதான் காரணம்.

மலைக்காரர்கள் கையில் இன்னொரு வித்தை இருக்கிறது: உருட்டுவது. சாய்வில் விட்டு, இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை விட்டால் எந்த வண்டியும் கிளம்பும். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்குகிறவருக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் சாய்வுதான். இந்த வித்தைக்கும் வயதாகிவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்த பிறகு கார்புரேட்டர் போய், மின்சார பம்பும் இன்ஜெக்ஷனும் வந்தன. பேட்டரி முழுதாகச் செத்த வண்டியில் பம்பே ஓடாது, மலையடிவாரம் வரை உருட்டினாலும் பெட்ரோல் வராது. கிக்கரும் மறைந்துவருகிறது. 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-ல் அது இல்லவே இல்லை. ஆக, புது வண்டிக்காரருக்குச் செல்ஃப் கத்துவது எச்சரிக்கை, செல்ஃப் நிற்பது நடைப்பயணம். கார்புரேட்டரும் கிக்கரும் பொத்தானும் மூன்றும் உள்ள இருபது வயது வண்டியை விற்க மனமில்லாமல், பதினைந்து வருடம் முடிந்தும் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் அவ்வளவு அசடர்கள் அல்ல.

பழக்கத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். ஒரே மூச்சில் ஐந்து வினாடிக்கு மேல் பொத்தானை அழுத்தக் கூடாது. பிடிக்காவிட்டால் பத்துப் பதினைந்து வினாடி பேட்டரிக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். குளிரில் கிளட்ச் பிடியை இழுத்துக்கொண்டு அழுத்தினால் கெட்டியான எண்ணெயில் கியர்கள் சேர்ந்து சுற்றும் பாரம் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் பொத்தானைத் தொடவே கூடாது. சிக்னலில் இன்ஜின் ஓடுகிறதா என்று தெரியாமல் அழுத்திப் பார்ப்பவர்களின் ஒன்வே சீக்கிரம் கண்ணை மூடும். முதல் 'கர்ர்ர்' கேட்ட அன்று கிக்கரைத் தேடி, அதே வாரத்தில் மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் பொத்தானைத் தட்டுவார். உடனே பிடிக்கும். இன்ஜின் அப்போது சூடாக இருக்கிறது, பேட்டரி இப்போதுதான் சார்ஜரிலிருந்து இறங்கியிருக்கிறது, நேரம் மத்தியானம். அது பரீட்சையே அல்ல. கழற்றிய பழைய உருளைகளைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீதிப் பணத்தை நாளைக்குத் தருவதாகச் சொல்லி, வீட்டுக்குப் போய் இரவு முழுக்க வண்டியை வெளியே பனியில் நிறுத்திவைத்து, காலை ஐந்தரை மணிக்குச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.